அரியாலையில் நிற்காத கார்

11.09.2023, திங்கள்

காலைப் பஸ்ஸில் வவுனியாவிலிருந்து கோண்டாவிலுக்கு வந்து சேர்ந்தேன். வீட்டுத் திறப்புக் கொத்தைப் பக்கத்து வளவுக்காரர் தந்தார். என் கூடப்பிறந்த நித்தி அண்ணை செத்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது. வீடு அவர் கடைக்குப் போயிருப்பதைப் போல இருக்கிறது. கொடியில் சாரம் மடித்துப் போட்டபடி. குசினியில் ஒரு தட்டு, ஒரு பேணி, ஒரு கரண்டி.

பின்வளவில் தகரக் கொட்டகை. அதற்குள் கார். 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ 40. நான்கு ரயர்களும் காற்றுப் போய், மண்ணில் அமர்ந்திருக்கிறது. கதவைத் திறக்கவில்லை. சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணை எழுதி வைத்த கடிதத்தில் வீட்டைப் பற்றி ஒரு வரி, காரைப் பற்றி, என் பெயர் சொல்லி, இரண்டு வரி. “கார் தவமலருக்கு. விற்பதானாலும் ஒருமுறை ஓட்டிவிட்டு விற்கட்டும்.”

நானும் அவரும் இருபத்தேழு வருடம் பேசிக்கொள்ளவில்லை. செத்த வீட்டுக்கு வந்து கடைசி வரிசையில் இருந்தேன். என் மகன் துவாரகன் வரவே இல்லை. பிள்ளைகள் இல்லாத தாய்மாமனுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான். யாரோ ஒன்றுவிட்ட சொந்தத்தில் ஒரு பொடியன் வைத்தான்.

காரணம் ஊருக்கே தெரியும். 1995 ஐப்பசியில், இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட்டபோது, அண்ணை எங்களை இந்தக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். என் கணவர் யோகராசா சைக்கிளில் பின்னால் வந்தார். அண்ணை காரை நிறுத்தவில்லை. யோகராசா வந்து சேரவில்லை. இன்றுவரை இல்லை.

14.09.2023, வியாழன்

செபமாலை அண்ணை வந்தார். கல்வியங்காட்டில் கராஜ் வைத்திருந்தவர். அறுபத்தைந்து வயது இருக்கும். அண்ணையின் கூட்டாளி என்று பக்கத்து வளவுக்காரர் சொன்னார். காரின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

“இது ஓடுமோ அண்ணை?”

“எஞ்சின் இறுகிப்போய்க் கிடக்கு தங்கச்சி. ஆனா ஆள் கவனமாத்தான் விட்டிருக்கு. பெற்றறியைக் கழட்டி, தண்ணியை வடிச்சு, எண்ணெய் பூசி வச்சிருக்கு. திரும்ப ஓடவேணும் எண்டு நினைச்ச ஆள்தான் இப்பிடி விடும்.”

“எவ்வளவு காலம் எடுக்கும்?”

“ஏன், அவசரமோ?”

மாசியில் அண்ணையின் ஆட்டைத் திவசம், முதல் வருட நினைவு, வருகிறது, அதற்கு முன் ஓட வேண்டும் என்றேன். அவருடைய ஞாபகத்துக்காகச் செய்கிறேன் என்றும் சொன்னேன். செபமாலை அண்ணை என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, “நல்லது” என்றார்.

15.09.2023, வெள்ளி

பிளக் துளைகளுக்குள் எண்ணெய் ஊற்றியாயிற்று. பத்து நாள் ஊற வேண்டுமாம்.

22.09.2023, வெள்ளி

இன்று காருக்குள் துப்பரவு செய்தேன். எலி கூடு கட்டிய இடமெல்லாம் தும்பு. பின்சீற்றுக்குக் கீழே ஒரு குழந்தைச் சப்பாத்து இருக்கும் என்று ஏனோ எதிர்பார்த்தேன். ஒன்றுமில்லை. அண்ணை எல்லாவற்றையும் கூட்டி எடுத்திருக்கிறார்.

மண்ணெண்ணெய் மணம் மட்டும் போகவில்லை. சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது. கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலைச் சேலைன் போத்தலில் தொங்கவிட்டு, அதில் இயந்திரத்தைப் பிடிக்கவைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். கரும்புகை வரும். நின்றுவிட்டால் மறுபடி பெற்றோல் வேண்டும். அந்த நேரத்தில் ஒரு போத்தல் பெற்றோல் என்பது மருந்து மாதிரி.

சீற்றைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். இரண்டு முறை. என் கைகளிலும் அந்த மணம் ஏறிவிட்டது. சோறு பிசையும்போது மணக்கிறது.

03.10.2023, செவ்வாய்

எஞ்சின் அசைந்தது. முன்னால் கைபிடியைச் செருகி செபமாலை அண்ணை அமத்த, கால்வாசிச் சுற்றுச் சுற்றியது. அவருக்குச் சந்தோஷம். தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார்.

நான் தேத்தண்ணியோடு போய்ப் பின்சீற்றில், இடப்பக்கம் இருந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

“ஒவ்வொரு நாளும் பாக்கிறன், அந்த மூலையிலதான் இருக்கிறீங்கள். முன்னுக்கு வாருங்கோவன், காத்து வரும்.”

“எனக்கு இது வசதியா இருக்கு.”

அன்று நான் இருந்த இடம் அது. மடியில் நாலு மாதக் குழந்தையாகத் துவாரகன். பக்கத்தில் அயலவர் பாக்கியமக்காவும் அவருடைய மகள் வதனியும். முன்னால் அம்மா. அண்ணை ஓட்டினார். இதைச் செபமாலை அண்ணைக்குச் சொல்லவில்லை.

12.10.2023, வியாழன்

முன்தட்டில் இருந்த சின்னப் பெட்டியின் பூட்டை உடைத்துத் திறந்தார் செபமாலை அண்ணை. உள்ளே பழைய பேப்பரில் சுற்றி, நூல் கட்டிய ஒரு பொருள். சாரதி பின்னால் பார்க்கும் கண்ணாடி. அண்ணை அதை முளையோடு கழற்றி எடுத்து வைத்திருக்கிறார்.

“பழுதில்லையே. ஏன் கழட்டினவர்?” என்று செபமாலை அண்ணை அதைத் துடைத்துப் பார்த்தார். “பூட்டிவிடுறன்.”

“இப்ப வேண்டாம்.”

“கண்ணாடி இல்லாமல் றோட்டுக்கு எடுக்கேலாது தங்கச்சி.”

“கடைசியாப் பூட்டலாம்.”

அவர் அதை யன்னல் படியில் வைத்துவிட்டுப் போனார். மத்தியானம் முழுவதும் அது முகட்டைக் காட்டிக்கொண்டு கிடந்தது. பின்னேரம் கவிழ்த்து வைத்தேன்.

31.10.2023, செவ்வாய்

செபமாலை அண்ணை வழமையைவிடப் பிந்தி வந்தார். சேட்டெல்லாம் வியர்வை.

“எங்கை போட்டு வாறீங்கள்?”

“அரியாலைக்கு. ஒவ்வொரு வருசமும் இண்டைக்கு நித்தி போறவர். இந்த வருசம் அவர் இல்லை. அதுதான் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒருக்கா நிண்டிட்டு வாறன்.”

“அரியாலையில என்ன?”

“நாவற்குழிப் பாலத்துக்குப் போற பக்கம், ஒரு மதகு இருக்கு. அதடியில போய் விடிய நிப்பார். ஏன் எண்டு ஒரு நாள் கேட்டன். ‘யோகன் கடைசியா நிண்ட இடம்’ எண்டவர்.”

நான் குசினிக்குள் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

விசாரணைகளில் எல்லாம் நான் கொடுத்திருப்பது வேறு. காணாமற்போனவரைக் கடைசியாகக் கண்ட இடம்: கோண்டாவில், வீட்டு வாசல், முப்பதாம் திகதி பின்னேரம். நான்கு தடவை, நான்கு விதமான படிவங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஒருவேளை அண்ணை ஆளை மாறிப் பார்த்திருப்பார். அன்று றோட்டில் லட்சம் பேர்.

01.11.2023, புதன்

இன்று செபமாலை அண்ணையை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தலையிடி என்று.

18.11.2023, சனி

மூன்று நாளாக மழை. கொட்டகைக்குள் ஒழுக்கு. காரைத் தார்ப்பாயால் மூடினோம்.

துவாரகன் கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தான். ஒரு கணினிக் கம்பனியில் வேலை.

“இன்னும் அந்தக் காரோடதான் மினக்கெடுறீங்களோ அம்மா?”

“முடியப்போகுது.”

“அந்த மனுசன்ர காரை ஏன் நீங்கள் திருத்தவேணும்? வித்துப்போட்டு வாங்கோ. எனக்கு அதைப் படத்தில பாக்கவே எரிச்சலா இருக்கு.”

“உன்ர மாமா அவர்.”

“அப்பாவை றோட்டில விட்டிட்டு வந்த மாமா.”

அவன் பேசப் பழகிய காலம் முதல் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அப்பா எங்கே என்று கேட்கும்போதெல்லாம், மாமா காரை நிறுத்தவில்லை என்று. அது பொய்யில்லை. அண்ணை நிறுத்தவில்லைத்தான்.

2003ஆம் ஆண்டு, சமாதான காலத்தில் யாழ்ப்பாணப் பாதை திறந்த பிறகு ஒரு நாள், நான் வேலை செய்த வவுனியாத் தபால்கந்தோருக்கு அண்ணை வந்தார். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் என் கவுண்டருக்கு முன்னால் வந்தார். தலை நரைத்திருந்தது. நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை. “ஒரு முத்திரை” என்றார். கிழித்துக் கொடுத்தேன். அதை எடுத்து வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நின்றார். பின்னால் நின்றவர் முனகியதும் போய்விட்டார். அவர் யாருக்கும் கடிதம் எழுதும் ஆள் இல்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மழைக்கு வேலை இல்லை.

02.12.2023, சனி

பிடித்துவிட்டது.

பத்தரை மணிக்கு. முதலில் இருமி, பிறகு ஒரு வெடி, பிறகு ஒரே சீராக. பெற்றோலில்தான் ஓடுகிறது, வெள்ளைப் புகைதான் வந்தது. எனக்கு மட்டும் கரும்புகை மணந்தது. செபமாலை அண்ணை சத்தத்துக்கு மேலாக ஏதோ சொன்னார், கேட்கவில்லை. நான் ஓடிப்போய்ப் பின்சீற்றில் ஏறி இருந்திருக்கிறேன். எப்போது ஏறினேன் என்று ஞாபகம் இல்லை. மடியில் இரண்டு கைகளையும் குழந்தையை வைத்திருப்பதைப் போல வைத்திருந்தேன். அவர் நிறுத்திய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

“ஏன் தங்கச்சி, அழுறீங்களோ?”

“புகை.”

10.12.2023, ஞாயிறு

வதனி வந்தாள். பாக்கியமக்காவின் மகள். அன்று பதினொரு வயது. இன்று சாவகச்சேரியில் ஆஸ்பத்திரித் தாதி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கார் ஓடுகிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்ததாகச் சொன்னாள். கதவைத் திறந்து, சீற்றைத் தடவிப் பார்த்தாள்.

“இவ்வளவு சின்னக் காரோ. எப்பிடி எல்லாரும் இருந்தனாங்கள்?”

தேத்தண்ணி குடிக்கும்போது கொட்டகைப் பக்கம் பார்த்தபடி பேசினாள்.

“நித்தி மாமாவின்ர கடைசிக் காலத்தில நான்தான் வந்து ஊசி போட்டனான், மலரக்கா. பாவம். நான் ஒரு நாள் கேட்டன். ‘மாமா, எல்லாரும் உங்களைச் சொல்லுகினம். நீங்கள் நிப்பாட்டக் கேட்டனீங்கள்தானே, நான் பக்கத்தில இருந்தனான்தானே, ஏன் சொல்லேல்லை’ எண்டு.”

“என்ன கேட்டவர்?”

“உங்களுக்கு ஞாபகம் இல்லையோ?” வதனி கோப்பையை வைத்தாள். “மதகடியில. விடிஞ்சுகொண்டு வந்த நேரம். மாமா கண்ணாடியில பாத்திட்டு, ‘யோகன் நிக்கிறான், சைக்கிள் சங்கிலி அறுந்துபோச்சுப்போல, நிப்பாட்டட்டோ’ எண்டு கேட்டவர். நீங்கள்தான் அக்கா, ‘நிப்பாட்ட வேண்டாம்’ எண்டனீங்கள். அவர் ரெண்டாம் தரமும் கேட்டவர். ‘போங்கோ’ எண்டனீங்கள்.”

“நீர் சின்னப் பிள்ளை. உமக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது.”

“நான் அந்த இரவில ஒண்டையும் மறக்கேல்லை அக்கா.” அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “உங்களில பிழை சொல்லேல்லை. குழந்தைக்குக் காய்ச்சல். நிண்டால் கார் திரும்பப் பிடியாது. எங்கட அம்மாவும் அப்ப ‘ஓம், நிப்பாட்ட வேண்டாம்’ எண்டுதான் சொன்னவ. சாகுமட்டும் அதைச் சொல்லி அழுதவ.”

பிள்ளைகளுக்குச் சமைக்க வேண்டும் என்று எழுந்தாள். வாசல்வரை போனேன். அவள் என் கையைப் பிடித்தாள். நான் எடுத்துக்கொண்டேன்.

11.12.2023, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

20.12.2023, புதன்

இன்று காலை முதன்முறையாகக் காரை றோட்டுக்கு எடுத்தோம். நேற்றுக் கண்ணாடியும் பூட்டியாயிற்று. செபமாலை அண்ணை ஓட்டினார். நான் பின்னால், இடப்பக்கம். எங்கே போகலாம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கண்டி வீதிக்கு ஏறி அரியாலைப் பக்கம் போனார்.

வெயில் நல்ல வெயில். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைகாட்டினார்கள். ஒரு வயோதிபர் கடை வாசலில் எழுந்து நின்று பார்த்தார். மதகு தெரிந்தபோது இயந்திரத்தில் சூடு ஏறுகிறது என்றார் செபமாலை அண்ணை. கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“இதில நிப்பாட்டட்டோ தங்கச்சி?”

“நிப்பாட்ட வேண்டாம். போங்கோ.”

நான் சொன்னேன். என் வாய்தான். யோசித்துச் சொல்லவில்லை, அது அப்படியே உள்ளே இருந்திருக்கிறது, கேட்டதும் வந்துவிட்டது. அதே சொற்கள், அதே குரல். அவர் போய்விட்டார். மதகு பின்னால் போனது. பாலம் வந்த பிறகுதான், “நிப்பாட்டுங்கோ” என்று கத்தினேன். அவர் ஓரங்கட்டினார். நான் இறங்கி அந்த வெயிலில் மதகடிக்கு நடந்து வந்தேன். ஒரு கிலோமீற்றருக்கு மேல் இருக்கும். அவர் காரை அங்கேயே விட்டுவிட்டுப் பின்னால் நடந்து வந்தார்.

இனி மறைத்து எழுத முடியாது. இந்தக் கொப்பியை வேறு யாரும் படிக்கப்போவதும் இல்லை.

யோகராசா தையற்காரர். அன்று பின்னேரம் எல்லோரும் காரில் ஏறிய பிறகும் அவர் வரவில்லை. தையல் மெசினின் தலையைக் கழற்றி, சாக்கில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு நின்றார். வேண்டாம், விட்டுவிட்டு வாருங்கோ என்றேன். “போற இடத்தில என்னத்தைச் செய்து சாப்பிடுறது” என்றார். ஒரு மணித்தியாலம் பிந்தினோம். அந்த ஒரு மணித்தியாலத்தில் றோட்டு நிறைந்துவிட்டது. இரவு முழுக்க மழையில் அடிமேல் அடியாக ஊர்ந்தோம். குழந்தைக்கு உடம்பு கொதித்தது. எனக்கு அவர் மேல் அப்படியொரு கோபம்.

விடிந்தபோது அரியாலையில் ஊர்ந்துகொண்டிருந்தோம். அண்ணை கண்ணாடியில் பார்த்துச் சொன்னதும் நான் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மெசினின் பாரத்தில் சைக்கிள் சரிந்து கிடந்தது. அவர் மதகின் மேல் ஏறி நின்றார். காருக்கும் அவருக்கும் இடையில் நூறு பேர் இருப்பார்கள். என்னைக் கண்டார். ஒரு கையைத் தூக்கினார், போங்கோ என்று காட்டுவதைப் போல.

வதனி சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மை. பெற்றோல் போத்தலில் ஒரு விரல் அளவுதான் மிச்சம். நிறுத்தினால் ஆட்கள் மொய்த்துவிடுவார்கள். ஆனால் நான் நிறுத்த வேண்டாம் என்று சொன்னபோது அவை ஒன்றையும் நினைக்கவில்லை. அந்த மெசினைச் சுமந்துகொண்டு நடந்து வரட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

பாலம் கடந்து கொஞ்ச நேரத்தில் பின்னால் எங்கோ ஒரு வெடிச்சத்தம். சனம் சிதறி ஓடியது. பிறகு அவரைக் காணவில்லை.

சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் எங்களை இறக்கிவிட்டு அண்ணை நடந்தே திரும்பிப் போனார். மூன்று நாள் தேடினார். மதகடியில் சைக்கிள் கிடந்ததாம், மெசின் தலையோடு. ஆள் இல்லை. அவர் வெறுங்கையோடு வந்து நின்றபோது, அம்மாவும் அங்கே இருந்த அத்தனை பேரும் கேட்க, நான் சொன்னேன்: “நீங்கள் ஏன் நிப்பாட்டேல்லை?”

அண்ணை என்னைப் பார்த்தார். பாக்கியமக்கா தலையைக் குனிந்துகொண்டார். அண்ணை குழந்தையைப் பார்த்தார். பிறகு, “பிழைதான்” என்றார்.

அன்று முதல் அது அவருடைய பிழை.

21.12.2023, வியாழன்

செபமாலை அண்ணை வந்து றேடியேற்றரைப் பார்த்தார். போகும்போது சொன்னார்.

“எனக்கு நித்தி எல்லாம் சொல்லியிருக்கிறார் தங்கச்சி. கன காலத்துக்கு முன்னமே. ‘நீ ஏன் வாயைத் திறக்கேல்லை’ எண்டு நான் அவரை ஏசினனான்.”

“என்ன சொன்னவர்?”

“‘அவளுக்கு ஒரு பிள்ளை இருக்கு’ எண்டவர். வேறை ஒண்டும் சொல்லேல்லை.”

15.01.2024, திங்கள்

பொங்கல். துவாரகன் வருவான் என்று பார்த்தேன். வரவில்லை. தொலைபேசியில் கேட்டேன், மாசி வளர்பிறைத் துவாதசியில் மாமாவின் திவசம், வந்து செய்துவிட்டுப் போ என்று.

“ஐயரை வச்சுச் செய்யுங்கோ. நான் ஏன் செய்யவேணும்?”

“வேறை உரிமைக்காரர் இல்லை.”

“அப்பாவுக்கே நாங்கள் திவசம் செய்யேல்லை அம்மா. செத்தாரோ இருக்கிறாரோ எண்டு தெரியாமல். அதுக்குக் காரணமான ஆளுக்கு நான் எள்ளுத் தண்ணி இறைக்கிறதோ?”

சொல்லியிருக்கலாம். பொங்கல் நாள் என்று சொல்லாமல் விட்டேன். எப்போதும் ஒரு காரணம் இருக்கிறது.

28.01.2024, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்குத் துவாரகனுக்குத் தொலைபேசி எடுத்து, குறுக்கே பேசாமல் கேள் என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். மதகு, சங்கிலி, அண்ணை இரண்டு முறை கேட்டது, நான் சொன்னது, பள்ளிக்கூடத்தில் நான் கேட்ட கேள்வி. கோபத்தையும் சொன்னேன். அது இல்லாமல் சொன்னால் மறுபடியும் பாதிதான்.

அவன் தன் சின்ன வயதுக் கதை ஒன்றை எடுத்தான்.

“நான் அஞ்சாம் வகுப்பில படிக்கேக்க மாமா ஒரு சைக்கிள் அனுப்பினவர். நீங்கள் திருப்பி அனுப்பினீங்கள்.”

“ஓம்.”

“நான் அழேல்லை. நீங்கள் செய்தது சரி எண்டு நினைச்சன். பெருமையா இருந்தது எனக்கு.”

“ஓம் ராசா.”

“அப்பா... உங்களைக் கண்டவரோ?”

“கண்டவர். போங்கோ எண்டு கை காட்டினவர்.”

வைத்துவிட்டான்.

06.02.2024, செவ்வாய்

ஒன்பது நாள். அழைத்தால் மணி அடிக்கிறது, துவாரகன் எடுப்பதில்லை. காருக்குப் பூச்சு முடிந்தது. முன்பு இருந்த அதே சாம்பல்பச்சை. பக்கத்து வளவுக்காரர் படம் எடுத்தார். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். மாட்டேன் என்றேன்.

19.02.2024, திங்கள்

காலைப் பஸ்ஸில் துவாரகன் வந்தான். மெலிந்திருக்கிறான். நேரே கொட்டகைக்குப் போய்க் காரின் பின்கதவைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

“எந்தப் பக்கம் இருந்தனீங்கள்?”

காட்டினேன். அவன் அந்த இடத்தில் இருந்து, உடம்பைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தான். வேலியும் ஒரு முருங்கையும்தான் தெரிந்திருக்கும். கனநேரம் பார்த்தான்.

மத்தியானம் சோறு போட்டேன். சாப்பிட்டான். இரண்டாம் முறை கேட்டு வாங்கவில்லை.

21.02.2024, புதன்

கீரிமலையில் திவசம் முடிந்தது. துவாரகன்தான் செய்தான். எள்ளும் தண்ணியும் இறைக்கும்போது ஐயர் பெயரைக் கேட்டார். “நித்தியானந்தன்” என்றான், “என்ர தாய்மாமன்.” நான் சற்றுத் தள்ளி நின்றேன்.

செபமாலை அண்ணை காரில் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். வரும் வழியில் துவாரகன் முன்னால் இருந்து மாமாவைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தான். என்ன சாப்பிடுவார், பாட்டுக் கேட்பாரா, என்ன சொல்லிச் சிரிப்பார் என்று. செபமாலை அண்ணை ஒன்றையும் விடாமல் சொன்னார். பாதிக்கு மேல் எனக்கும் தெரியாதவை.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவும்போது சொன்னான்:

“அந்தப் படிவங்களில வீட்டு வாசல் எண்டுதானே எழுதியிருக்கிறீங்கள்.”

“ஓம்.”

“இருபத்தெட்டு வருசமா வேறை இடத்தில தேடச் சொல்லியிருக்கிறம் அம்மா.”

26.02.2024, திங்கள்

காணாமற்போனவர்களின் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகத்துக்குத் துவாரகனும் நானும் போனோம். காத்திருக்கும் வாங்கில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். எல்லோரிடமும் ஒரு படம். நானும் யோகராசாவின் கல்யாணப் படத்தை வெட்டி எடுத்த துண்டைக் கொண்டு போயிருந்தேன். அதில் அவருக்கு இருபத்தேழு வயது. என் மகனைவிட இளையவர்.

உள்ளே இருந்த பெண் பிள்ளைக்கு முப்பது வயது வராது. எங்கள் கோப்பினை எடுத்துப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டாள்.

“என்ன திருத்தம் அம்மா?”

“கடைசியாக் கண்ட இடம். அது வீட்டு வாசல் இல்லை. அரியாலை, நாவற்குழிப் பாலத்துக்கு முன்னம் உள்ள மதகு. முப்பத்தோராம் திகதி விடிய.”

அவள் எழுதினாள். “கண்ட ஆள் யார்? இப்ப உயிரோட இருக்கிறாரோ?”

“நான்தான்.”

பேனை நின்றது. “இவ்வளவு காலமும் ஏன் அம்மா சொல்லேல்லை?”

துவாரகன் ஏதோ சொல்ல வந்தான். நான் கையால் மறித்தேன்.

“பயத்தில. அவரை விட்டிட்டுப் போகச் சொன்னது நான் எண்டு தெரிஞ்சிடும் எண்டு.”

அவள் அதையும் எழுதினாளா என்று தெரியவில்லை. அடுத்த கேள்வியைப் படிவத்தில் பார்த்து வாசித்தாள்.

“நீங்கள் காணேக்க அவர் என்ன செய்துகொண்டு நிண்டவர்?”

இந்தக் கொப்பியில் ஒரு விதமாக எழுதியிருக்கிறேன். மகனுக்கும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அந்தப் பிள்ளை பேனையோடு காத்திருந்தாள், அவள் எழுதுவதைக் கொண்டு யாரோ ஒருவர் தேடப்போகிறார்.

“மதகில ஏறி நிண்டவர். என்னைக் கண்டவர். நிக்கச் சொல்லிக் கை காட்டினவர். ஒருக்கா இல்லை. கார் போகப் போகக் காட்டிக்கொண்டு நிண்டவர்.”

பக்கத்தில் துவாரகனின் மூச்சு நின்று திரும்ப வந்தது. அவன் என் பக்கம் பார்க்கவில்லை. அந்தப் பெண் எழுதி முடித்துத் தாளைத் திருப்பி வைத்தாள். எனக்குக் கண் கலங்கி எழுத்துத் தெரியவில்லை. அவன்தான் குனிந்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான்.